பெயரை இங்கே நிரப்பவும்

அத்தியாயம் 14

வியாழக்கிழமை வந்தால் ஹெஸ்டர் வீட்டுச் சமையலறை மேஜையில் ஒரு தட்டு வைக்கக்கூட இடம் இருக்காது. ஊர்க்காரர்கள் வாரம் முழுக்க அனுப்பிவைத்த குப்பை அதன் மேல் பரந்து கிடக்கும். குப்பை என்று நான் சொல்லவில்லை, அவளே அப்படித்தான் சொல்வாள்.

கசாப்புக் கடைக்காரர் "உள்ளூர்க் குடும்பங்களை வைத்துச் செய்த சாசேஜ்" என்று எழுதி மாட்டிய பலகையின் படம். கவுன்சில் அனுப்பிய இரண்டு பக்கக் கடிதம். அதை முழுக்கப் படித்து முடித்தாலும் குப்பைத் தொட்டியை எந்தக் கிழமை வெளியே வைப்பது என்று தெரியாது. பல் டாக்டரிடமிருந்து ஒரு பெரியவருக்கு வந்த செய்தி: "உங்கள் பல் பிடுங்கப்பட்டதில் எங்களுக்கு மகிழ்ச்சி. நண்பர்களுக்கும் எங்களைப் பரிந்துரைப்பீர்களா?"

இவை எல்லாம் ஹெஸ்டர் வாராவாரம் எழுதும் "சிவப்பு மை" பத்திக்கு வந்தவை. வெள்ளிக்கிழமை காலை அது வெளியாகும் இலவச வாரத்தாள் கதவிடுக்கில் விழுந்ததும் ஆல்டர்ஹாமில் யாரும் முதல் பக்கத்தைப் பார்ப்பதில்லை. நேராக ஐந்தாம் பக்கம்தான். போன வருஷம் என் பூனை காணாமல் போனபோது நான் கம்பத்தில் ஒட்டிய காகிதமும் அங்கே வந்தது. பூனை திரும்பி வந்துவிட்டது, போன மானம்தான் இன்னும் வரவில்லை.

இருபத்தாறு வருஷம் மாவட்டச் செய்தித்தாளில் பிழை திருத்தியவள் ஹெஸ்டர். செலவைக் குறைக்கிறோம் என்று முதலில் பிழை திருத்துகிறவர்களை அனுப்பினார்கள். பிறகு பத்திரிகையையே மூடினார்கள். அன்றிலிருந்து ஊரில் யார் எதை எழுதினாலும் அது அவள் மேஜைக்கு வந்தாக வேண்டும்.

சென்ற வாரம் அவள் வீட்டுக் கதவிடுக்கில் ஒரு பழுப்பு உறை விழுந்ததையும், மகன் எல்லிஸ் மூன்று நாளாகப் போனை எடுக்காததையும் பார்த்தோம். இரண்டுக்கும் ஏதாவது தொடர்பு இருக்கும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. பையன் ஆற்றோர முதியோர் இல்லத்தில் ஷிப்டு பொறுப்பாளன். வேலை அதிகமாக இருக்கும் என்று விட்டுவிட்டாள்.

உறைக்குள் இருந்தது ஒரு கடிதத்தின் நகல். மேலே முகவரியையும் கீழே கையெழுத்தையும் கத்தரித்துவிட்டார்கள்.

"அன்புள்ள [பெயரை இங்கே நிரப்பவும்] அவர்களுக்கு, தங்கள் அன்புக்குரிய [உறவினரின் பெயரை இங்கே நிரப்பவும்] அவர்களின் மறைவு எங்கள் அனைவரின் நெஞ்சிலும் ஈடுசெய்ய முடியாத வெற்றிடத்தை ஏற்படுத்தியுள்ளது. அன்பும் அக்கறையும் சூழ அவர் அமைதியாக விடைபெற்றார். அவருடைய [சிறப்பான குணத்தை இங்கே நிரப்பவும்] என்றும் எங்கள் நினைவில் நிலைத்திருக்கும்."

ஓரத்தில் யாரோ பேனாவால் எழுதியிருந்தார்கள்: "என் அம்மா இறந்ததற்கு வந்த கடிதம் இது. சிரிக்க முடிந்தால் சிரித்துக்கொள்ளுங்கள்."

ஹெஸ்டருக்குச் சிரிப்பு வரவில்லை. கோபம்தான் வந்தது. இங்கே துக்கம் கேட்க யாரும் வீடு ஏறி வருவதில்லை. கார்டு வரும், கடிதம் வரும். கணப்புக்கு மேலே வரிசையாக நிற்கிற அந்தக் காகிதங்கள்தான் இழவுக்கு வந்த கூட்டம். அந்தக் கூட்டத்தில் இப்படி ஒரு கடிதமா?

காலை பத்து மணிக்கு உட்கார்ந்தாள். பதினொன்றுக்குள் எழுதி முடித்துவிட்டாள்.

"கால் நூற்றாண்டு பிழை தேடிப் பிழைத்தவள் நான். இந்தக் கடிதத்தில் ஒரு கமாகூட இடம் தவறவில்லை. எழுதிய ஆள்தான் இல்லை. பொத்தானை அழுத்தினால் இரங்கல் வருகிற காலம் இது. இதை அனுப்பியவரிடம் நான் எதுவும் கேட்கப் போவதில்லை. அவரைப் பெற்றவளிடம் கேட்கிறேன். அம்மா, சொந்தமாக நாலு வரி எழுதக்கூடச் சொல்லித் தராமல் இந்தப் பிள்ளையை ஊருக்குள் அனுப்பினாயே, அத்தனை வருஷமும் வீட்டில் என்ன செய்துகொண்டிருந்தாய்?"

கடைசி வரியை இரண்டு தடவை படித்துப் பார்த்தாள். நன்றாக வந்திருக்கிறது என்று அவளுக்கே தெரிந்தது. அனுப்பிவிட்டாள்.

பத்து நிமிஷத்தில் ஆசிரியர் கிளைவ் போன் செய்தார்.

"ஹெஸ்டர், வழக்கமா நீங்க ஊசியாலதான் குத்துவீங்க. இன்னிக்கு கோடாலியே தூக்கிட்டீங்க."

"அதிகமா போச்சா?"

"அதெல்லாம் இல்ல. படிச்சு முடிச்சதும் எங்க அம்மாவுக்கு ஒரு லெட்டர் எழுதலாமான்னு தோணுச்சு. நாலு மணிக்கு பக்கத்த மூடறேன். நாளைக்கு ஊரே பேசும் பாருங்க."

பன்னிரண்டரைக்கு மகள் பெத்தனி வந்தாள். இந்த ஊர்ப் பல் டாக்டரிடம் வரவேற்பு மேஜையில் வேலை. வியாழக்கிழமை மதியம் பாலாடைக்கட்டி சாண்ட்விச் இரண்டு வாங்கிக்கொண்டு அம்மாவோடு சாப்பிட வருவது வழக்கம்.

"எங்க மெசேஜையும் போட்டுட்டியா? டாக்டர் என் உசுர வாங்கப் போறாரு."

"இந்த வாரம் தப்பிச்சீங்க. அதவிட பெருசா ஒண்ணு மாட்டிருக்கு. படி."

பெத்தனி நின்றுகொண்டே படித்தாள். சிரித்த முகத்தோடுதான் ஆரம்பித்தாள். பாதியில் சாண்ட்விச்சை மேஜையில் வைத்தாள். கடைசி வரிக்கு வந்ததும் நாற்காலியை இழுத்து உட்கார்ந்துவிட்டாள்.

"அம்மா, இத அனுப்பிட்டியா?"

"பதினொரு மணிக்கே. ஏன்?"

"இந்த லெட்டர் எழுதினது யாருன்னு தெரியுமா உனக்கு?"

"தெரியாதே. கீழ கத்தரிச்சிருக்கு, பாரு."

"எல்லிஸ்."

ஹெஸ்டர் கெட்டிலை எடுக்கப் போனவள் அப்படியே நின்றாள்.

"நேத்து ராத்திரி என் வீட்டு சோபாலதான் படுத்திருந்தான்," என்றாள் பெத்தனி. "அந்த இல்லத்துல யாராவது செத்துட்டா, அப்ப பொறுப்புல இருந்தவங்க ஒரு வாரத்துக்குள்ள குடும்பத்துக்கு லெட்டர் போடணும். டோரின் கீபிள்னு ஒரு அம்மா போன ஞாயித்துக்கிழமைக்கு முந்தின ஞாயிறு போனாங்க. இவன் கம்ப்யூட்டர்ல எழுத வச்சிருக்கான். பேர் நெரப்பாத மாதிரிய தப்பா பிரிண்ட் எடுத்து உறையில போட்டு ஒட்டிட்டான். அந்தம்மாவோட பொண்ணு புகார் குடுத்திருக்காங்க. இன்னிக்கு மூணு மணிக்கு விசாரணை, அவங்களும் வர்றாங்க. வேலை போனாலும் போயிடும்."

"என்கிட்ட ஏன் சொல்லல அவன்?"

"உன்கிட்டயா!"

அந்த ஒரு சொல்லை பெத்தனி சொன்ன விதம் இருக்கிறதே, அதைத் திருத்த எந்த மையாலும் முடியாது.

"நான் என்ன பேயா, பிசாசா? நான் அவன் அம்மாதானேடி."

"அம்மா, அந்த கடற்கரை லெட்டர் ஞாபகம் இருக்கா? ஃப்ரிட்ஜ்ல ஒட்டினியே?"

நினைவிருந்தது. பத்து வயதில் பள்ளிக்கூடத்தில் ஒரு வாரம் கடற்கரை முகாமுக்குக் கூட்டிப்போனார்கள். அங்கிருந்து எல்லிஸ் தாளின் இரண்டு பக்கமும் நிறைய எழுதி அனுப்பினான். ஹெஸ்டர் அன்று வேலை முடிந்து வந்திருந்தாள். கையில் பேனா இருந்தது. படிக்கப் படிக்கக் கை தானாகத் திருத்திக்கொண்டே போயிற்று. அடியில் "இருபத்துமூன்று பிழை. கடல் நன்றாக இருந்ததா?" என்று எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினாள். வந்தவர் போனவரெல்லாம் படித்துச் சிரித்தார்கள். அவளும் செல்லமாகத்தான் சிரித்தாள். பையன் திரும்பி வந்து அதைப் பார்த்தான். ஃப்ரிட்ஜைத் திறந்து பால் எடுத்துக் குடித்தான், மாடிக்குப் போனான்.

"அது விளையாட்டுக்கு பண்ணினது," என்றாள் ஹெஸ்டர். "அவன் அழக்கூட இல்லையே."

"அந்த மேல் டிராயர தெறந்து பாரு."

டிராயரில் பிள்ளைகள் அனுப்பிய வாழ்த்துக் கார்டுகள் இரண்டு கட்டாக இருந்தன. பெத்தனியின் கார்டுகளில் மூலை மூலையாக எழுத்து. இடம் போதாமல் பின்பக்கம் ஓடியிருக்கும், காபிக் கறைகூட இருக்கும். எல்லிஸின் கட்டை ஹெஸ்டர் ஒவ்வொன்றாகத் திறந்தாள். பிறந்தநாள், கிறிஸ்துமஸ், அன்னையர் தினம் எதையும் அவன் தவறவிட்டதில்லை. உள்ளே கடையில் அச்சடித்த நாலு வரிப் பாட்டு. அதற்குக் கீழே "எல்லிஸ்."

அடுத்ததைத் திறந்தாள். "எல்லிஸ்."

பதினேழு வருஷம். ஆம்பளைப் பையன்கள் இப்படித்தான் என்று அவள் நினைத்திருந்தாள். ஊரில் யார் எழுதிய எழுத்தையும் விடாமல் படித்தவள், தன் பிள்ளை எழுதாமல் விட்டதைப் படிக்கத் தவறிவிட்டாள்.

ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி, தான் போய் விழுமாம் கழுநீர்ப் பானையில். பழமொழி கேட்கச் சிரிப்பாகத்தான் இருக்கும். விழுந்தவள் முகத்தைப் பார்த்தால் சிரிப்பு வராது.

"கிளைவுக்கு போன் பண்ணு," என்றாள் பெத்தனி.

கிளைவ் முதலில் கோபித்துக்கொண்டார். காரணத்தை ஹெஸ்டர் சொல்லவில்லை. வேண்டாம் என்று மட்டும் சொன்னாள்.

"நாலு மணிக்கு பக்கம் மூடணும், ஹெஸ்டர். வெள்ளையா விட்டுட்டு அனுப்ப முடியுமா? அந்த எடத்துக்கு வேற ஏதாவது குடுங்க, எடுத்துடறேன். குடுக்கலைன்னா இதுதான் போகும். கோச்சுக்காதீங்க."

"குடுக்கறேன்."

"நாலு மணி. நாலு அஞ்சுன்னா எனக்கு காது கேக்காது."

கோட்டை மாட்டிக்கொண்டாள். பெத்தனி கூட வருகிறேன் என்றாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஹெஸ்டர் ஆற்றங்கரைப் பக்கம் நடந்தாள்.

இல்லத்தின் பின்புறம் கார்கள் நிறுத்துமிடத்தில் எல்லிஸின் பழைய வெள்ளை வேன் நின்றது. உள்ளே உட்கார்ந்து சாசேஜ் ரோல் தின்றுகொண்டிருந்தான். தின்றான் என்று சொல்ல முடியாது, கையில் வைத்திருந்தான். சட்டையை இஸ்திரி போட்டிருந்தான். ஹெஸ்டர் மறுபக்கக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தாள்.

"பெத் சொல்லிட்டாளா?"

"சொன்னா."

"வந்து திட்டணும்னா மூணு மணிக்கு அப்புறம் திட்டும்மா. இப்ப வேணாம்."

"திட்ட வரல. நான் ஒண்ணு சொல்லணும். கேட்டுட்டு நீ என்னைய திட்டு."

உறை வந்ததைச் சொன்னாள். பத்தி எழுதியதைச் சொன்னாள். கடைசி வரியையும் சொன்னாள், ஒரு சொல்கூட விடாமல். எல்லிஸ் கண்ணாடி வழியாக ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நல்லா எழுதிருக்க," என்றான் கடைசியில்.

"எல்லிஸ்."

"கிண்டல் பண்ணல. நீ எப்பவும் நல்லாத்தான் எழுதுவ." சாசேஜ் ரோலைக் காகிதத்தில் சுற்றினான். "நான் முதல்ல கையாலதான் எழுதினேன்மா. நாலு பக்கம். எழுதி முடிச்சு படிச்சு பாத்தேன். இத ஒருத்தங்க படிச்சா என்ன நெனைப்பாங்கன்னு வந்துது. எனக்கு எப்பவும் வர்றதுதான், யாரோ செகப்பு பேனா வச்சுகிட்டு தோளுக்கு பின்னால நிக்கற மாதிரி. சரின்னு கம்ப்யூட்டர்ல அடிச்சு கேட்டேன். அழகா வந்துது. இனிமே யாரும் சிரிக்க முடியாதுன்னு நெனச்சேன். ரெண்டு ஷிப்டு சேத்து பாத்த நாள் அது. எத பிரிண்ட் எடுத்தேன்னுகூட பாக்கல."

"அந்த நாலு பக்கம் எங்க?"

"எதுக்கு?"

"படிக்கணும்."

"பேனா வச்சிருக்கியா?"

ஹெஸ்டர் கைப்பையைத் திறந்தாள். சிவப்புப் பேனாவை எடுத்து, வண்டியின் கண்ணாடிக்குக் கீழே, அவன் பக்கமாக வைத்தாள். எல்லிஸ் அதைத் தன் பக்கமாக இன்னும் தள்ளி வைத்தான். பிறகு அவள் முழங்காலுக்கு முன்னால் இருந்த பெட்டியைத் திறந்து, மடித்த தாள்களை எடுத்துக் கொடுத்தான்.

"மிஸ் கீபிள் உங்க அம்மா ஞாயித்துகிழம நாலு மணிக்கு டீ கேட்டாங்க குடுத்தேன் குடிக்கல கப்ப சும்மா கைல பிடிச்சிகிட்டாங்க சூடா இருக்குன்னு. மழ பேஞ்சிது ஜன்னல தொறக்க சொன்னாங்க தொறக்க கூடாதுன்னு ரூல் ஆனா தொறந்தேன். உங்க பேர சொல்லி வால் வந்துட்டாளான்னு கேட்டாங்க ரயில்ல வந்துகிட்டு இருக்காங்கன்னு சொன்னேன் அது பொய் உங்களுக்கு நான் இன்னும் போனே பண்ணல பண்ணிருக்கணும் அவங்க கைய விட்டுட்டு போனுக்கு போக மனசு வரல. கோட்டு போட்டுகிட்டு வராளான்னு கேட்டாங்க ஆமா நீல கோட்டுன்னு சொன்னேன் எனக்கு தெரியாது சும்மா சொன்னேன். நல்ல பொண்ணுன்னு சொன்னாங்க என்னைய இல்ல உங்கள. அப்பறம் பேசல. அவங்க தனியா இல்ல அத உங்களுக்கு சொல்லணும்னுதான் எழுதறேன்..."

நாலு பக்கமும் இப்படியே போயிற்று. ஹெஸ்டர் மெதுவாகப் படித்தாள். முதல் பக்கத்திலேயே அவள் கட்டைவிரல் ஒரு வரிக்கு அடியில் போய் நின்றது. போனே பண்ணல என்ற வரி. விதிப்படி ஒருவர் நிலைமை மோசமானவுடன் குடும்பத்துக்குச் சொல்லியாக வேண்டும். விசாரணையில் அந்தம்மாவின் மகள் கையில் இந்த வரி போனால் பையன் கதை முடிந்தது.

"இந்த ஒரு வரி மட்டும்..." என்று ஆரம்பித்தாள். "இத மட்டும் எடுத்துட்டா..."

"பாத்தியா," என்றான் எல்லிஸ். "ஆரம்பிச்சிட்ட."

"உன் வேலைக்காகத்தான்டா சொல்றேன்."

"அந்த வரி இல்லன்னா மிச்சம் எல்லாம் எதுக்கும்மா? அவங்க பொண்ணு வந்து பாக்க முடியாம போனது என்னாலதான். அத அவங்ககிட்ட சொல்லாம, அன்பும் அக்கறையும் சூழன்னு எழுதி அனுப்பினேன். அவங்க கோவப்பட்டது பேர் நெரப்பாததுக்குன்னா நெனைக்கற?"

ஹெஸ்டர் விரலை எடுத்தாள்.

அவளுக்கு அவமானமாக இருந்தது. உண்மையை அடித்துவிட்டு வாக்கியத்தைக் காப்பாற்றச் சொன்னது யார்? கவுன்சிலா, பல் டாக்டரா? ஊரில் எழுத்து கெட்டுப்போயிற்று என்று வாராவாரம் அழுகிறவள்தான் இப்போது சொன்னாள்.

"அவங்க பொண்ணுகிட்ட இப்படியே குடு," என்றாள். "ஒரு புள்ளிகூட மாத்தாத."

"எத்தன தப்பு இருக்கு?"

"எண்ணல."

முப்பத்தொன்று. இருபத்தாறு வருஷப் பழக்கம், ஒரு மத்தியானத்தில் போய்விடுமா? ஆனால் சொல்லவில்லை. அவள் தன் பிள்ளையிடம் எழுத்து விஷயத்தில் சொன்ன முதல் பொய் அது என்று நினைக்கிறேன்.

மூன்று மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது எல்லிஸ் தாள்களைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு உள்ளே போனான்.

வேனில் தனியாக உட்கார்ந்திருந்தாள். கிளைவுக்கு ஒரு மணி நேரத்தில் ஏதாவது தர வேண்டும். பையில் இருந்தது அந்தப் பழுப்பு உறைதான். அதன் பின்பக்கம் காலியாக இருந்தது. சிவப்புப் பேனாவை எடுத்து எழுத ஆரம்பித்தாள். முதல் மூன்று வாக்கியத்தையும் அடித்தாள். அழகாக இருந்தன, அதனால்தான் அடித்தாள்.

மூன்றரைக்கு இல்லத்தின் பின்கதவு திறந்தது. அறுபது வயதிருக்கும் ஒரு பெண்மணி, பச்சை மழைக்கோட்டுடன் வெளியே வந்து, எங்கே போவது என்று தெரியாதவர் மாதிரி கார்களுக்கு நடுவே நின்றார். கையில் அந்தத் தாள்கள். ஹெஸ்டர் இறங்கினாள். அந்தப் பெண்மணி அவளை உற்றுப் பார்த்தார்.

"உங்கள எனக்கு தெரியும். அம்மா ரூம்ல அந்த பேப்பர் கெடக்கும், போட்டோ பாத்திருக்கேன். சிவப்பு மை நீங்கதானே?"

"ஆமாங்க."

"நான் வாலரி கீபிள். அந்த லெட்டர உங்களுக்கு அனுப்பினது நான்தான். எங்க அம்மா தனியா கெடந்து செத்தாங்கன்னு நெனச்சேன். அந்த கோவத்துல அனுப்பிட்டேன். நாளைக்கு வருதா? தயவு செஞ்சு போடாதீங்க."

"நிறுத்தச் சொல்லிட்டேன்."

"அந்த பையன் எனக்கு போன் பண்ணிருக்கணும். அத நான் மன்னிப்பேனான்னு தெரியல. இன்னிக்கு முடியாது." தாளை விரித்தார், மறுபடி மடித்தார். "எனக்கு நீல கோட்டே கெடையாதுங்க. பொறந்ததுலேருந்து கெடையாது." சிரிக்கப் பார்த்தார், அழுகைதான் வந்தது. "எங்க அம்மா கடைசியா என்னைய நெனச்சு சிரிச்சாங்களாம். கைய பிடிச்சிகிட்டு ஒருத்தன் பக்கத்துல இருந்திருக்கான். வீட்டுக்கு நாப்பத்தாறு கார்டு வந்துது. ஒண்ணுலகூட எங்க அம்மா இல்ல. இதுலதான் இருக்காங்க."

ஹெஸ்டர் கோட்டுப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து நீட்டினாள்.

"நீங்க இதெல்லாம் பாக்கறவங்க, இதுல நூறு தப்பு கண்டுபிடிப்பீங்க," என்றார் வாலரி. "ஆனா அந்த பையன பெத்தவ யாரோ, நல்லாத்தான் வளத்திருக்கா."

காலையில் அச்சுக்கு அனுப்பிய கேள்விக்கு மத்தியானம் பதில் வந்துவிட்டது. அதை வாங்கிக்கொள்ளும் தைரியம் ஹெஸ்டருக்கு இல்லை, வாங்காமல் இருக்கவும் முடியவில்லை.

"நான்தாங்க அவன் அம்மா. நல்லா எல்லாம் வளக்கல. எழுதறதுக்கே பயப்பட வச்சேன். அதனாலதான் உங்களுக்கு அந்த மாதிரி ஒரு லெட்டர் வந்துது."

வாலரி திட்டுவார் என்று ஹெஸ்டர் காத்திருந்தாள். அவர் திட்டவில்லை, தேற்றவும் இல்லை. தாள்களைக் கோட்டுக்குள் வைத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

"அப்ப போய் அவன்கிட்ட இருங்க," என்று சொல்லிவிட்டுத் தன் காரை நோக்கிப் போனார்.

மூன்றே முக்காலுக்கு எல்லிஸ் வந்தான். கழுத்தில் எப்போதும் தொங்கும் அடையாள அட்டை இல்லை.

"வாங்கி வச்சிட்டாங்க. திங்கக்கிழம முடிவு சொல்வாங்களாம். அதுவரைக்கும் யார்கிட்டயும் எதுவும் பேசக்கூடாதாம். வாயே தெறக்கக்கூடாதுன்னு மேனேஜர் ரெண்டு தடவ சொன்னாங்க."

வேனில் ஏறி உட்கார்ந்தவன் கண்ணில் பழுப்பு உறை பட்டது. அம்மாவைக் கேட்காமலே எடுத்துப் படித்தான். அவள் தடுக்கவில்லை.

"போன வாரம் ஒரு இரங்கல் கடிதம் எனக்கு வந்தது. எழுதியவனின் அம்மா எங்கே என்று கேட்டு ஒரு பத்தி எழுதினேன். அந்த அம்மா நான்தான். என் மகனுக்குப் பத்து வயதில் அவன் எழுதிய கடிதத்தை ஃப்ரிட்ஜில் ஒட்டி ஊரைச் சிரிக்க வைத்தேன். அதற்குப் பிறகு அவன் எனக்கு எழுதவே இல்லை. இன்று அவன் எழுதியதைப் படித்தேன். நான் இதுவரை படித்ததில் மிக நல்ல கடிதம் அது. அவன் பெயர்"

அங்கே ஒரு விரல் நீளத்துக்குக் காலியாக விட்டிருந்தாள். அதற்குப் பிறகு "என்னை மன்னிக்க வேண்டும்" என்று இருந்தது.

"பேர் ஏன் போடல?"

"அது உன் பேரு. போடறதும் விடறதும் உன் இஷ்டம். 'என் மகன்'னு விட்டாலும் போதும். நான் எழுதினதா போகும், நீ வாய தெறந்ததா ஆகாது."

"போட்டா திங்கக்கிழம கண்டிப்பா வீட்டுக்கு அனுப்பிடுவாங்க."

"தெரியும். போடாத. வேணாம் எல்லிஸ்."

அவள் மடியில் போன் அதிர்ந்தது. கிளைவ். நாலு மணிக்கு இரண்டு நிமிஷம் இருந்தது. ஹெஸ்டர் எடுத்துக் காதில் வைத்தாள்.

"ஹெஸ்டர், இருக்கா இல்லையா? சொல்லுங்க, டைப் பண்ணிக்கறேன்."

அவள் எல்லிஸ் கையிலிருந்த உறையைப் பார்த்து வாசிக்க ஆரம்பித்தாள். இரண்டு வாக்கியத்தை மறுபடி முதலிலிருந்து வாசித்தாள். கிளைவ் அவசரப்படுத்தவில்லை. கடைசி வரிக்கு வந்தாள்.

"அவன் பெயர்..." என்று சொல்லி நிறுத்தினாள்.

"பெயர்? அங்க என்ன போடணும்?"

எல்லிஸ் சிவப்புப் பேனாவை எடுத்தான். மூடியைப் பல்லால் கடித்து இழுத்தான். உறையை ஸ்டியரிங் மேல் வைத்து, பள்ளிக்கூடப் பையன் மாதிரி அழுத்தி, மெதுவாக அந்தக் காலி இடத்தைத் தன் பெயரால் நிரப்பி அவளிடம் நீட்டினான்.

"இத வாசிம்மா," என்றான்.